என் ஃபைல்ல "உடற்பயிற்சி: இல்லை"ன்னு எழுதின டாக்டருக்கும், மத்த சர்க்கரை டாக்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சர்க்கரை டாக்டர்களுக்கு, டயட் சொல்லித்தர்றவங்களுக்கு, ஊசி போட கத்துக்குடுக்கறவங்களுக்கு, காலத் தொட்டுப்பாத்து "மரத்துப் போன மாதிரி இருக்கா"ன்னு கேக்கற நர்சுங்களுக்கு,

வணக்கம். நான் ஒரு டைப் 2 சர்க்கரைக்காரன். வயசு 57, சர்க்கரை வந்து 11 வருஷம் ஆச்சு, இடது முட்டி மழைக்கு முன்னாடியே மழை வருதுன்னு சொல்லிடும், எடையப் பத்தி நீங்களே நிறைய தடவ சொல்லிட்டீங்க, அதனால இங்க வேணாம். இந்த மடல் எழுதறதுக்கு காரணம் ஒரே ஒரு வரி. போன செக்கப்புல டாக்டர் வழக்கம்போல "என்ன எக்சர்சைஸ் பண்றீங்க"ன்னு கேட்டாரு. பதினொரு வருஷத்துல மொத மொறையா தலை நிமிர்ந்து பதில் சொல்ல ஒரு விஷயம் இருந்துச்சு, "எலக்ட்ரிக் சைக்கிள் ஓட்டறேன் டாக்டர், வாரத்துல அஞ்சு நாள்"னேன். சிரிச்சாரு. கெட்ட எண்ணத்துல இல்ல, நல்ல மனுஷன்தான். "அதுல மோட்டார்தான ஓடுது, நீங்க எங்க ஓடறீங்க, பேசாம தினம் நடங்க"ன்னு சொல்லிட்டு ஃபைல்ல "உடற்பயிற்சி: இல்லை"ன்னு எழுதிட்டாரு. எட்டு மாசத்துல என் சைக்கிள் மீட்டர்ல 1900 கிலோமீட்டர் ஏறியிருந்துச்சு. அத்தனையும் "இல்லை"யாப் போச்சு.

அவர மட்டும் குத்தம் சொல்ல இத எழுதல. அப்புறம் விசாரிச்சதுல இதே சிரிப்ப வாங்கினவங்க நிறைய பேர் இருக்காங்கன்னு தெரிஞ்சுது, அதுல ரெண்டு பேர் சைக்கிள வித்துட்டே போயிட்டாங்க, "டாக்டரே இது வேஸ்ட்டுன்னுட்டாரு"ன்னு. அதான் எனக்கு பொறுக்கல.

மொதல்ல அந்த வண்டி என்னன்னு பேசிடலாம், ஏன்னா நான் பாத்த வரைக்கும் பாதி குழப்பம் இங்கதான் இருக்கு. எலக்ட்ரிக் சைக்கிள்னு ஒரே பேர்ல ரெண்டு வேற வேற ஜந்து ஓடிக்கிட்டு இருக்கு. ஒண்ணு த்ராட்டில் வச்சது, கைப்பிடிய முறுக்கினா போகும், கால் சும்மா தொங்கும். அது சின்ன ஸ்கூட்டர், அதப் பாத்து நீங்க சிரிச்சா நானும் சேந்து சிரிக்கறேன். இன்னொண்ணு பெடல் அசிஸ்ட். இதுல நீங்க மிதிச்சாத்தான் மோட்டார் வேலை செய்யும், மிதிக்கறத நிறுத்தினா அதுவும் நிறுத்திக்கும். 1993-ல ஜப்பான்ல யமஹா கம்பெனி விட்ட 'பாஸ்'ங்கற வண்டியில இருந்துதான் இந்த முறை கடைக்கு வந்துச்சு. ஐரோப்பாவுல சட்டமே இப்படித்தான் சொல்லுது: மோட்டார் 250 வாட்டுக்கு மேல போகக்கூடாது, மிதிச்சாத்தான் உதவணும், 25 கிலோமீட்டர் வேகம் தாண்டினா கைய விட்டுடணும், அப்பத்தான் அது சைக்கிள், இல்லேன்னா வேற வகை வண்டி. அமெரிக்காவுல மூணு வகுப்பா பிரிச்சு வச்சிருக்காங்க, அதுல ரெண்டாவது வகுப்புதான் த்ராட்டில் உள்ளது. அந்த 25 தாண்டினதும் மோட்டார் கைய விடும் பாருங்க, அப்ப தெரியும் சேதி. இருபது இருபத்தஞ்சு கிலோ வண்டிய சொந்தக் கால்ல தள்ளணும். அந்த நேரத்துல யாராவது வந்து "மோட்டார்தான ஓடுது"ன்னு சொல்லிப் பாக்கட்டும்.

இதுக்குள்ளயும் ஒரு உள்குத்து இருக்கு, வாங்கின பெறகுதான் எனக்கே தெரிஞ்சுது. சில வண்டியில கேடன்ஸ் சென்சார் இருக்கும், பெடல் சுத்துதா இல்லையான்னு மட்டும் பாக்கும், நீங்க விரலால சுத்தற மாதிரி லேசா சுத்தினாலும் மோட்டார் தன் பங்க குடுத்துடும், அதுல ஏமாத்தறது சுலபம். இன்னொண்ணு டார்க் சென்சார், நீங்க எவ்ளோ அழுத்தி மிதிக்கறீங்களோ அதுக்கு தகுந்த மாதிரிதான் உதவும், சோம்பேறியா மிதிச்சா அதுவும் சோம்பேறியாத்தான் தள்ளும். சர்க்கரைக்காரங்களுக்கு ரெண்டாவதுதான் சரி. அது மட்டுமில்ல, உதவி அளவும் நம்ம கையிலதான், ஈகோன்னு கம்மியா உதவற ஒரு மோடு, டர்போன்னு முழுசா தள்ளற ஒரு மோடு, நடுவுல ரெண்டு மூணு. எந்நேரமும் டர்போவுல வச்சு சமதளத்துல ஓட்டறவன்கிட்ட உங்க சிரிப்புல நியாயம் இருக்கு. ஆனா நீங்க எந்த சென்சார், எந்த மோடுன்னு எல்லாம் கேக்கவே இல்லையே டாக்டர், எலக்ட்ரிக்குன்னு காதுல விழுந்ததும் தீர்ப்பு எழுதிட்டீங்க.

சரி, நான் சொன்னா நோயாளி பேச்சு. ஆராய்ச்சிக்காரங்க சொன்னத சொல்றேன். இங்கிலாந்துல பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக்காரங்க டைப் 2 உள்ளவங்க கையிலயே எலக்ட்ரிக் சைக்கிள குடுத்து 20 வாரம் பாத்தாங்க, 2018-ல வெளிவந்துச்சு. கடைசி வரைக்கும் நின்னவங்க 18 பேர். யாரையும் போட்டு வேலை வாங்கல, உங்க இஷ்டத்துக்கு ஓட்டுங்கன்னு விட்டுட்டாங்க, வாரத்துக்கு சராசரியா 21 கிலோமீட்டர் ஓட்டியிருக்காங்க. எனக்கு பிடிச்ச இடம் எதுன்னா, ஓட்டறப்போ அவங்க இதயத்துடிப்பு உச்சபட்ச துடிப்புல சுமார் 75 சதவீதம் வரைக்கும் போயிருக்கு, அதே ஆளுங்க நடக்கறப்போ 64 சதவீதம்தான். திரும்பப் படிங்க டாக்டர். மோட்டார் வச்ச சைக்கிள்ல இதயம் அதிகமா வேலை செஞ்சிருக்கு, நடையில கம்மியா செஞ்சிருக்கு. உடம்போட திறனும் 10 சதவீதம் போல ஏறியிருக்கு, முடிஞ்சதும் 14 பேர் காசு குடுத்து சொந்தமா வண்டி வாங்கிட்டாங்க. உடற்பயிற்சி ஆராய்ச்சி முடிஞ்சதும் அந்த உடற்பயிற்சிய காசு குடுத்து வாங்கிட்டுப் போன நோயாளிங்கள வேற எங்க பாக்க முடியும்? சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குரூப் இல்ல, ஒத்துக்கறேன். அதுக்கும் முன்னாடி 2016-ல அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல உக்காந்தே வேலை பாக்கற 20 பேர வாரம் மூணு நாளாவது 40 நிமிஷம் வேலைக்குப் போக வர இத ஓட்டச் சொன்னாங்க. ஒரே மாசம். ஆக்சிஜன் வாங்கற திறன் ஏறுச்சு, குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாக்கற டெஸ்ட்ல அளவு இறங்குச்சு. அவங்களுக்கு சர்க்கரை நோய் கிடையாது, அத மறைக்கல. ஓட்டற உழைப்ப அளந்ததுல சும்மா உக்காந்திருக்கறத விட அஞ்சு மடங்குக்கு கிட்ட வந்துச்சு. நீங்க படிச்ச புத்தகத்துல மூணுல இருந்து ஆறு மடங்குக்குள்ள இருந்தா மிதமான உடற்பயிற்சின்னுதான இருக்கு, அப்ப இது எந்த கணக்குல "இல்லை"?

சாதா சைக்கிள விட ஒரு கிலோமீட்டருக்கு உழைப்பு கம்மிதான், அதுல வாதமே இல்ல. ஆனா மனுஷன் என்ன பண்றான்னா தூரத்த கூட்டிடறான். ஐரோப்பாவுல ஏழு நகரத்துல கணக்கெடுத்தப்போ எலக்ட்ரிக் சைக்கிள்காரங்களும் சாதா சைக்கிள்காரங்களும் வாரத்துக்கு செய்யற மொத்த உழைப்பு கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வந்துச்சு, ஏன்னா எலக்ட்ரிக் காரங்க ரொம்ப தூரம் போயிருக்காங்க.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். நீங்க பதினொரு வருஷமா "நடங்க"ன்னு சொன்னீங்க, நான் பதினொரு வருஷமா தலையாட்டினேன், நடக்கல. ஏன் நடக்கலன்னு ஒரு தடவ கூட கேக்கல, சோம்பேறின்னு மனசுல நெனச்சிருப்பீங்க, நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். காரணம் வேற. போறது பெரிய விஷயமே இல்ல டாக்டர், திரும்பி வரணுமே, அதான் விஷயம். வீட்ட விட்டு கெளம்பி இருவது நிமிஷம் நடந்ததும் முட்டி பேச ஆரம்பிக்கும், அப்ப மனசுல ஒரு கணக்கு ஓடும், இன்னும் இதே இருவது நிமிஷம் திரும்பி நடக்கணும், நடுவுல உக்கார எடம் இல்ல, பாத்ரூம் இல்ல (சர்க்கரைக்காரனுக்கு பாத்ரூம் எவ்ளோ பெரிய விஷயம்னு உங்களுக்கு சொல்லணுமா), தலை சுத்துனா யாரு இருக்கா. அதனால அடுத்த நாள் பத்து நிமிஷத்துல திரும்பிடுவேன். அதுக்கு அடுத்த நாள் வீட்டு வாசல். சாதா சைக்கிளும் வாங்கிப் பாத்தவன்தான், சர்க்கரை வர்றதுக்கு முன்னாடியே, நாப்பதாவது வயசுல, போறப்போ காத்து பின்னாடி இருந்து தள்ளுச்சு, நான் பெரிய வீரன்னு நெனச்சு போயிட்டேன், திரும்பறப்போ அதே காத்து நெஞ்சுல அடிச்சுது, நடுவுல ஒரு மேம்பாலம் வேற, எறங்கி தள்ளிக்கிட்டு வந்தேன், ஸ்கூல் பசங்க ஓவர்டேக் பண்ணிப் போச்சுங்க, அந்த சைக்கிள் அன்னைக்கு மூலையில சாஞ்சது, கடைசில துரு புடிச்சு எடைக்குப் போச்சு.

மோட்டார் எனக்கு செஞ்சது இந்த ஒண்ணுதான், திரும்பி வந்துடலாம்ங்கற தைரியத்த குடுத்துச்சு. எவ்ளோ தூரம் வேணா போ, முட்டி மக்கர் பண்ணா, காத்து எதுக்க அடிச்சா, மேடு வந்தா, ரெண்டு பட்டன் மேல ஏத்து, வீடு வந்துடும். அந்த நம்பிக்கை இருக்கறதாலயே போறப்போ ஈகோவுல வச்சு நல்லா மிதிக்கறேன், சில நாள் மோட்டார அணைச்சுட்டே மிதிக்கறேன், ஏன்னா திரும்பறதுக்கு சார்ஜ் இருக்கு. வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு மோட்டார் என் வேலைய பாதியாக்குன மாதிரி தெரியும். உண்மையில சைபரா இருந்தத இந்த அளவுக்கு கொண்டு வந்துச்சு. நீங்க ஒப்பிடறது இத சாதா சைக்கிளோட, நான் ஒப்பிடறது என் சோஃபாவோட.

அப்புறம் இதுக்குன்னு தனியா நேரம் ஒதுக்கறதில்ல. எங்கயோ போகவேண்டிய வேலைக்கு இதுல போறேன், அவ்ளோதான். வாக்கிங் போகலேன்னா யாரும் கேக்கப் போறதில்ல, வேலைக்கு போகலேன்னா கேப்பாங்க இல்ல.

உங்க ஏரியாவுக்குள்ள கொஞ்சம் கால வைக்கறேன், மன்னிச்சுக்குங்க. தசை சுருங்கி விரியறப்போ இன்சுலினோட தயவு இல்லாமலேயே குளுக்கோஸ ரத்தத்துல இருந்து உள்ள இழுத்துக்கும், அதுக்கு தசைக்குள்ள குளூட்-4ன்னு ஒரு கதவு இருக்கு, சாதாரணமா இன்சுலின் வந்து தட்டினாத்தான் அது முன்னாடி வரும், உழைச்சா தானாவே வரும். எங்களுக்கு இன்சுலின் தட்டற சத்தம்தான் சரியா கேக்கறதில்ல, ஆனா இந்த ரெண்டாவது வழி எங்க உடம்புலயும் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. அதுலயும் தொடை, பிட்டம்தான் உடம்புலயே பெரிய தசைங்க, சைக்கிள் மிதிக்கறதுல மொத்த பாரமும் அதுங்க மேலதான். இந்த பலன் ஒண்ணு ரெண்டு நாளைக்கு நின்னு அப்புறம் கரைஞ்சு போகும், அதனாலதான் அமெரிக்கன் டயபெட்டிஸ் அசோசியேஷன் வாரத்துக்கு 150 நிமிஷம்னு சொல்றதோட நிறுத்தாம சேந்தாப்புல ரெண்டு நாளுக்கு மேல கேப் விடாதீங்கன்னும் சொல்லுது. ஞாயித்துக்கிழமை மட்டும் ஹீரோவா இருக்கறவங்களுக்கு இது ஒத்து வராது. தினம் போக வர ஓட்டறவனுக்கு அந்த கேப்பே விழாது.

என் சர்க்கரை மீட்டர் கணக்கும் ஒண்ணு ரெண்டு சொல்றேன், இது என் ஒருத்தன் உடம்பு, மத்தவங்களுக்கு அப்படியே வராது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு 186 இருந்தப்போ ஏறினேன், 35 நிமிஷம் நடு மோடுல ஓட்டி எறங்கறப்போ 131. இன்னொரு நாள் வீம்புக்கு மோட்டார அணைச்சுட்டு ஒரு மேட்டுல பல்லக் கடிச்சு மிதிச்சு ஏறினேன், 142 இருந்தது 170 ஆச்சு. பயந்துட்டேன், மீட்டர் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, மூச்சு முட்ட உழைச்சா அட்ரினலின் வந்து கல்லீரல்ல இருந்து சர்க்கரைய எடுத்து விடும், கொஞ்ச நேரத்துல தானா எறங்கும்னு. இதுவும் ஒரு விதத்துல மோட்டாருக்கு சாதகமான சாட்சிதான், உழைப்ப ஒரே அளவுல வச்சுக்க அது உதவுது, மேடு பள்ளத்துக்கு தகுந்த மாதிரி இதயம் குதிக்க வேண்டியதில்ல.

இப்ப உங்க மேல உள்ள நெஜமான கோவத்துக்கு வரேன். சிரிச்சது கூட பரவாயில்ல. நீங்க அத உடற்பயிற்சின்னு ஒத்துக்காததால அதோட ஆபத்தையும் சொல்லித்தரல. எனக்கு மெட்ஃபார்மினோட, இன்சுலின சுரக்க வைக்கற கிளிமிபிரைடு மாத்திரையும் போகுது. கிளிமிபிரைடு, அந்த குடும்பத்து மாத்திரைங்க, இன்சுலின் ஊசி, இதெல்லாம் எடுத்துக்கறவங்களுக்கு உழைப்பும் சேந்தா சர்க்கரை படக்குன்னு கீழ போகும், மெட்ஃபார்மின் மட்டும்னா அந்த பயம் ரொம்ப கம்மி. இது உங்களுக்கு பாலபாடம், எனக்கு யாரும் சொல்லல. ஒரு நாள் மாத்திரைய போட்டுட்டு அரைகுறையா சாப்பிட்டு கெளம்பிட்டேன். அர மணி நேரம் கழிச்சு வேர்த்துச்சு, சைக்கிள் ஓட்டுனா வேர்க்கத்தான செய்யும்னு விட்டேன். நெஞ்சு படபடன்னுச்சு, மிதிச்சா படபடக்கத்தான செய்யும். கால் துவண்டுச்சு, மோட்டார ஒரு படி ஏத்திக்கிட்டேன். அதான் டாக்டர் விஷயமே, லோ சுகரோட அறிகுறி எல்லாமே உடற்பயிற்சியோட அறிகுறி மாதிரியே இருக்கு, நடந்துக்கிட்டு இருந்தா கால் நின்னுடும், இதுல மோட்டார் என்ன தொடர்ந்து இழுத்துக்கிட்டு போகுது, உடம்பு நிக்கச் சொல்றத நான் ஒரு பட்டன அமுக்கி வாயடைச்சுட்டேன். எதுக்க வந்த லாரியோட ஹாரன் எங்கயோ தூரத்துல கேக்கற மாதிரி இருந்தப்போதான் சம்திங் ராங்னு பட்டு ஓரம் கட்டினேன். கை நடுங்குன நடுக்கத்துல சர்க்கரை மீட்டர்ல ஸ்ட்ரிப்ப சொருக மூணு தடவ ஆச்சு. 58.

அன்னைக்கு பையில எதுவும் இல்ல, வழியில போன ஒரு புண்ணியவான் இனிப்பா எதோ குடிக்கக் குடுத்தாரு. இப்ப எப்பவும் ஹேண்டில் பைல குளுக்கோஸ் மாத்திரை இருக்கும், 70-க்கு கீழ போனா 15 கிராம் போட்டு 15 நிமிஷம் உக்காந்து திரும்ப பாக்கறது, சரியான உடனே ஏறி மிதிக்காம நல்லா நிதானத்துக்கு வந்தப்புறம்தான் கெளம்பறது, இதெல்லாம் அடிபட்டு கத்துக்கிட்டது. கெளம்பறப்போ 90-க்கு கீழ இருந்தா எதாவது சாப்பிட்டுட்டுத்தான் ஏறணும்ங்கறதும், ஊசி போடறவங்க தொடையில போட்டுட்டு உடனே மிதிச்சா மருந்து வேகமா ஏறிடும்ங்கறதும், சாயந்தரம் நல்லா ஓட்டுனா ராத்திரி தூக்கத்துல கூட லோ ஆகலாம்ங்கறதும் அப்படித்தான். இது எல்லாத்தையுமே அந்த அஞ்சு நிமிஷ கன்சல்டேஷன்ல சொல்லியிருக்கலாம். "உடற்பயிற்சி: ஆமா"ன்னு எழுதியிருந்தா அடுத்த கேள்வி தானா "மாத்திரை டோஸ் பாக்கணுமா"ன்னு வந்திருக்கும். "இல்லை"ன்னு எழுதினதால அந்த கேள்விக்கே எடமில்லாம போச்சு.

மத்தத வேகமா சொல்லிடறேன். விழித்திரையில புது ரத்தக்குழாய் கெளம்பற அளவுக்கு கண்ணு கெட்டிருந்தா மூச்சப் புடிச்சு முக்கி மிதிக்கறதும், குலுக்கல் ரோடும் ஆகாது, மொதல்ல கண் டாக்டர்கிட்ட கேக்கணும். கால் மரத்துப் போனவங்களுக்கு பெடல்ல கால் எங்க இருக்குன்னே தெரியாது, வழுக்கும், அகலமான சொரசொரப்பான பெடலும் மூடின ஷூவும் வேணும், ஓட்டி முடிச்சதும் கால திருப்பிப் பாக்கணும். கை விரல் மரக்கறதும் எங்க கூட்டத்துக்கு அதிகம், ஹேண்டில்ல பாரத்த போட்டு குனிஞ்சு ஓட்டற மாதிரி வண்டி வேணாம், நிமிந்து உக்காந்து ஓட்டற மாதிரி, கால தூக்கிப் போடாம ஏற்ற மாதிரி நடு பார் கீழ எறங்கின வண்டி பாக்கச் சொல்லுங்க. இது கனமான வண்டி, நிக்கறப்போ சாஞ்சா புடிக்கறது கஷ்டம், மொத வாரம் காலி மைதானத்துல பழகணும். பீட்டா பிளாக்கர்ங்கற பி.பி., இதய மாத்திரை போடறவங்களுக்கு கையில கட்டற வாட்ச் காட்டற இதயத்துடிப்ப நம்ப முடியாது, அது மருந்தால அடங்கிக் கெடக்கும், அவங்களுக்கு "பேச முடியணும், பாட முடியக்கூடாது" அந்த அளவுக்கு மிதிங்கன்னு சொன்னா போதும். யூரின்ல சர்க்கரைய வெளிய தள்ளற மாத்திரை எடுக்கறவங்களுக்கு தண்ணி பாட்டில் கட்டாயம். ரொம்ப நாள் அசையாம இருந்தவங்க, நெஞ்சு வலி வந்தவங்க, அவங்கள நீங்க பாத்து அனுப்பணும், நான் சொல்லக்கூடாது.

அதிகமா பில்டப் குடுக்கவும் எனக்கு ஆசையில்ல. எடை? எட்டு மாசத்துல மூணு கிலோ, அதுவும் போய்ட்டு போய்ட்டு வருது, எடைய மட்டும் வச்சு மார்க் போட்டீங்கன்னா நான் பெயில். பசி வேற ஜாஸ்தி எடுக்குது. சைக்கிள்ல எலும்பு மேல உடம்பு பாரம் விழாது, கைக்கு வேலையே இல்ல, அதனால வாரத்துக்கு ரெண்டு நாள் தசைய பலப்படுத்தற பயிற்சியும் தனியா வேணும், உலக சுகாதார நிறுவனமும் அதத்தான் சொல்லுது, நான் அத ஒழுங்கா பண்றதில்ல, திட்டுங்க. 2021-ல வந்த ஒரு பெரிய ஐரோப்பிய கணக்குல சர்க்கரை உள்ள 7459 பேர பல வருஷம் பின்தொடர்ந்து பாத்ததுல சைக்கிள் ஓட்டறவங்க சாகறது ஓட்டாதவங்கள விட 20 சதவீதத்துக்கு மேலயே கம்மியா இருந்துச்சு, நடுவுல புதுசா ஓட்ட ஆரம்பிச்சவங்களுக்கும் அந்த பலன் தெரிஞ்சுது. ஆனா அது மோட்டார் சைக்கிள கணக்கெடுத்த ஆய்வு இல்ல (ச்சே, மோட்டார் சைக்கிள்னு எழுதிட்டேன் பாருங்க, இந்த பேருதான் எங்க எல்லா கஷ்டத்துக்கும் காரணம்), அதோட ஆரோக்கியமா இருக்கறவங்கதான் ஓட்டவே ஆரம்பிச்சிருப்பாங்களோன்னும் கேக்கலாம். அதனால "இத ஓட்டுனா ஆயுசு கூடும்"னு நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. மூணு மாச சராசரி சர்க்கரைய காட்டற எச்பிஏ1சி எனக்கு 8.1-ல இருந்து 7.3 வந்துச்சு, அதுல சைக்கிளுக்கு எவ்ளோ பங்கு, சாப்பாட்டுக்கு எவ்ளோ, பயத்துக்கு எவ்ளோன்னு பிரிக்க என்னால முடியாது.

உங்ககிட்ட கேக்கறது பெரிசா ஒண்ணுமில்ல. எக்சர்சைஸ் உண்டா இல்லையான்னு கேக்கறதுக்கு பதிலா "எங்க போறீங்க, எதுல போறீங்க, எவ்ளோ நேரம்"னு கேளுங்க. எலக்ட்ரிக் சைக்கிள்னு சொன்னா த்ராட்டிலா பெடலான்னு கேளுங்க, எந்த மோடுல, மூச்சு வாங்குதான்னு கேளுங்க. உடனே மாத்திரை லிஸ்ட்ட ஒரு தடவ பாருங்க. நாப்பது பேர் வெளிய காத்திருக்காங்க, நேரமில்லைன்னு எனக்கும் தெரியும், அதுக்குத்தான் எஜுகேட்டர்கள், நர்சுங்களயும் சேத்து எழுதறேன், ஊசிய எப்படி புடிக்கணும்னு பொம்மை வச்சு சொல்லித்தர்ற மாதிரி இதையும் ஒரு பக்கத்துல அச்சடிச்சு குடுக்கலாம். முடிஞ்சா ஒரு வண்டி வாங்கி வாசல்ல வையுங்க, பத்து நிமிஷம் ஓட்டிப் பாக்கட்டும். "நடங்க"ன்னு சொல்லி நடக்காதவங்க, மூணு செக்கப்பா ஒரே பொய்ய சொல்றவங்க, அவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும், அவங்கள மட்டும் ஏத்திப் பாருங்க போதும். எனக்கு தெரிஞ்ச வரைக்கும் மொத தடவ ஏறி மிதிச்சவங்க எல்லாருமே ஒரே மாதிரிதான் சிரிக்கறாங்க, முதுகுல யாரோ கை வச்சு தள்ளற மாதிரி இருக்கும் அந்த நொடியில. நீங்களும் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க டாக்டர், அப்புறம் சிரிங்க.

அடுத்த மாசம் எனக்கு அப்பாயின்ட்மென்ட். சைக்கிள்லதான் வரேன். வந்த உடனே பி.பி. பாக்க வேணாம்னு வெளிய இருக்கற நர்ஸ்கிட்ட சொல்லி வையுங்க, போன தடவ வேர்க்க விறுவிறுக்க பட்டைய சுத்தி 158-ன்னு எழுதிட்டாங்க, அஞ்சு நிமிஷம் உக்காந்து பாத்திருந்தா எறங்கியிருக்கும். ஃபைல்ல அந்த "இல்லை"ய அடிச்சு எழுத ஒரு பேனா எடுத்துட்டு வரேன், உங்க பேனா எப்பவும் எழுதாது.

இப்படிக்கு,
வெயிட்டிங் ஹால்ல ஹெல்மெட்ட மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கற உங்க பழைய பேஷன்ட்